ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கம்



விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று பீங்கான். நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணை அரைத்து, கரைத்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, அகல்விளக்கும் பொம்மையும் கோப்பையும் மின்காப்புப் பீங்கானும் ஆக்கி அனுப்பும் ஊர் இது. இந்த ஊரில் பீங்கான் படிக்கும் பிள்ளைகள் நாளை உயர்கல்விக்குப் போவார்கள், ஆய்வு செய்வார்கள், கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மேற்கோள் காட்டுவது, சான்றுப் பட்டியல் அமைப்பது, நீங்கள் ‘ரெஃபரன்ஸ்’ என்று சொல்லும் அந்தப் பகுதி. எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசி இரவில், தூக்கக் கலக்கத்தில் ஒட்டவைக்கும் பகுதியாக அது இருந்துவருகிறது. அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். ஏன் மாற்ற வேண்டும்? ஒரு கட்டுரை சொல்வதைப் படிப்பவர் தாமே போய்ச் சோதிப்பதற்கு, ஆய்வாளர் கைப்பட எழுதிக் கொடுக்கும் உரிமை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு சான்றுக்குறிப்பில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். சி. வி. ராமன் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை 1928இல் ‘ஒரு புதிய கதிர்வீச்சு’ என்ற பொருள்படும் தலைப்பில் இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் வெளியிட்டார். தொகுதி 2, பக்கங்கள் 387 முதல் 398 வரை. இன்று சுட்ட பீங்கானில் எந்தப் படிகம் உருவாகியிருக்கிறது என்று ராமன் நிறமாலையால் அறிகிறோம். அந்த ஆய்வுகளுக்கெல்லாம் மூலம் இந்தக் கட்டுரைதான். ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகிய ஆறு செய்திகள் இருந்தால், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு நூலகத்துக்குள் நுழைந்து அந்தப் பன்னிரண்டு பக்கங்களை எடுத்துவிடலாம். இந்த ஆறும் வெறும் சடங்கா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அதைவிட முக்கியமானது, ஒன்று பிழையானால் மற்றவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் பீங்கான் துறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கு ஓர் ஆய்விதழ். 1879 முதல் வருகிறது. அமெரிக்கப் பீங்கான் சங்கத்துக்கு ஓர் ஆய்விதழ். 1918 முதல் வருகிறது. இரண்டின் பெயரையும் சுருக்கி எழுதும்போது, ஒன்றில் ‘கெம்.’, மற்றதில் ‘செராம்.’ என்ற ஒரே இடத்தில்தான் வேறுபாடு. களிமண் தூளின் பரப்பளவை அளக்கப் பயன்படும் புரூனோவர், எம்மெட், டெல்லர் மூவரின் 1938ஆம் ஆண்டுக் கட்டுரை, வேதியியல் சங்க இதழின் 60ஆம் தொகுதியில் 309ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. சுட்ட பீங்கானில் விரிசல் எவ்வளவு எளிதாகப் பரவும் என்று அளக்கும் முறையைச் சொல்லும் ஆன்ஸ்டிஸ் குழுவினரின் 1981ஆம் ஆண்டுக் கட்டுரை, பீங்கான் சங்க இதழின் 64ஆம் தொகுதியில் 533ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. பீங்கான் மாணவர் ஒருவர் இரண்டையும் ஒரே கட்டுரையில் காட்ட நேரும். கை பழகிய வேகத்தில் முதல் கட்டுரைக்கும் ‘செராம்.’ என்று எழுதிவிட்டால்? பீங்கான் சங்க இதழின் 60ஆம் தொகுதி 1977இல் வந்தது. குறிப்பில் ஆண்டு 1938 என்று சரியாக இருந்தால், படிப்பவர் அங்கேயே நின்று யோசிப்பார். தொகுதியும் ஆண்டும் ஒத்துப்போகவில்லையே என்று பிழையைக் கண்டுபிடிப்பார். ஆண்டும் இல்லாவிட்டால் அவர் தவறான இதழைத் தேடி வெறுங்கையோடு திரும்புவார். ஆறு செய்திகளையும் கேட்பது ஆசிரியர் குழுவின் பிடிவாதம் என்று இனி யாராவது சொல்வார்களா?

ஆய்வுக் கட்டுரைகளோடு இது முடிவதில்லை. தரநிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட பீங்கான் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அளக்க, ஏ.எஸ்.டி.எம். சி373 என்ற அமெரிக்கத் தரநிலையைப் பலர் பின்பற்றுகிறார்கள். கட்டுரையில் ‘சி373 முறைப்படி அளந்தோம்’ என்று ஒரு வரி. போதுமா? 1988ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பொருளைத் தண்ணீரில் ஐந்து மணி நேரம் கொதிக்க வைத்து, மேலும் இருபத்து நான்கு மணி நேரம் ஊறவிட வேண்டும். 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், அழுத்தி உருவாக்கிய டைல்களுக்கு வெற்றிட முறை. டைல் அல்லாத வெண்பீங்கான் பொருள்களுக்குக் கொதிநீர் முறை. எண் ஒன்றுதான்; ஆண்டு மாறினால் சோதனையே மாறுகிறது. ஆண்டு எழுதாமல் விட்ட ஒருவர், தம் டைலைக் கொதிக்க வைத்தாரா, வெற்றிடத்தில் வைத்தாரா என்பதையே எழுதாமல் விட்டுவிட்டார். அவர் தந்த சதவீதத்தை வேறொருவர் தம் அளவோடு எப்படி ஒப்பிடுவார்? இந்தியத் தரநிலைகளுக்கும் இதே விதிதான். எண்ணோடு ஆண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது சான்று.

சரி, செய்திகள் முக்கியம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வடிவம் ஏன் இத்தனை விதம் என்று கேட்பீர்கள். ஓர் இதழ் எண் போடச் சொல்கிறது. இன்னோர் இதழ் பெயரும் ஆண்டும் போடச் சொல்கிறது. ஒன்றில் தொகுதி எண் தடித்த எழுத்தில். மற்றதில் சாதாரண எழுத்தில். நியாயமான கேள்வி. பெயர்-ஆண்டு முறையின் தொடக்கத்தை ஹார்வர்டின் விலங்கியலறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் எழுதிய ஒரு கட்டுரையில் காண்கிறார்கள். எண் முறைக்கு மருத்துவத் துறையில் ஒரு பொது வடிவம் தந்தவர்கள், 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள். அவர்கள் கூடியதன் நோக்கம், ஒரே கட்டுரையை ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வொரு விதமாகத் திருப்பி எழுதும் வீண் உழைப்பைக் குறைப்பது. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது உண்மை. எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம் 2011 தொடங்கி, முதல் முறை அனுப்பும்போது எந்த ஒழுங்கான வடிவிலும் பட்டியல் இருக்கலாம் என்று தன் இதழ்கள் பலவற்றில் தளர்த்தியது. இதிலிருந்து என்ன தெரிகிறது? வடிவம் இதழின் ஊர்வழக்கம். அதை அந்த இதழின் ஆசிரியர் குறிப்பைப் பார்த்து அப்படியே பின்பற்றினால் போதும். தளர்த்தியபோதும் அவர்கள் விட்டுக்கொடுக்காதவை இரண்டு: செய்திகள் முழுமையாக இருக்க வேண்டும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே முறை இருக்க வேண்டும். பாதிக் குறிப்பில் இதழின் முழுப்பெயர், பாதியில் சுருக்கப்பெயர் என்று கலந்து வைத்தால், இரண்டு பெயரும் ஒரே இதழா, வெவ்வேறு இதழ்களா என்று படிப்பவர் தடுமாறுவார்.

காற்புள்ளியும் கேள்விக்குறியும் அற்பம் என்பாரும் உண்டு. 1975இல் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் நேச்சர் இதழில், தொகுதி 258, பக்கம் 703இல், ஜிர்கோனியாப் பீங்கானை எஃகைப்போல் உறுதியாக்க முடியுமா என்று எழுதினார்கள். தலைப்பு இரண்டே சொல். முடிவில் ஒரு கேள்விக்குறி. பட்டியலில் அந்தக் குறியை விட்டுவிட்டால், அவர்கள் எழுப்பிய கேள்வி, அவர்கள் அடித்துச் சொன்ன முடிவாகிவிடுகிறது. அவர்கள் கொண்டிருந்த நிதானத்தை நாம் பறித்துவிடுகிறோம். பிறர் கருத்தை அவர் சொன்ன அளவுக்கே சொல்வது மேற்கோளின் முதல் அறம். அந்த அறம் ஒரு நிறுத்தக்குறிவரை நீள்கிறது.

இந்தப் பக்கத்தை அலங்காரமாக நினைத்தால் என்ன ஆகும்? நடந்ததைச் சொல்கிறேன். எல்செவியர் தன் ஆசிரியர் குறிப்பில், பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரிக் குறிப்பு வைத்திருந்தது. வான் டெர் கீர், ஹன்ராட்ஸ், லப்டன், 2000, அறிவியல் கட்டுரை எழுதும் கலை, தொகுதி 163, பக்கங்கள் 51 முதல் 59 வரை. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. வடிவம் காட்டுவதற்காக இட்டுக்கட்டிய குறிப்பு. நெதர்லாந்துப் பேராசிரியர் பீட்டர் க்ரோனன்பெர்க் அதைத் தேடிப்போய், அது இல்லாத கட்டுரை என்று கண்டார். மற்றோர் ஆய்வாளரான ஆன்-வில் ஹார்சிங் 2017இல் அதை வெளியுலகுக்குச் சொன்னார். இல்லாத அந்தக் கட்டுரையைக் கிட்டத்தட்ட நானூறு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன! பெரும்பாலானவை கருத்தரங்கக் கட்டுரைகள். மாதிரிப் படிவத்தை நிரப்பியவர்கள் மாதிரிக் குறிப்பை நீக்க மறந்தார்கள். எழுதியவர் பார்க்கவில்லை, மதிப்பிட்டவர் பார்க்கவில்லை, பதிப்பித்தவரும் பார்க்கவில்லை. வடிவம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

இன்னொரு சான்று. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையைக் காட்டிய சுமார் 4300 மேற்கோள்களை எடுத்துப் பார்த்தார்கள். 196 மேற்கோள்களில் தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவற்றில் எழுத்துப்பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்க எண் பிழை 78 முறை வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியாக ஒரே எண்ணில் தவறுவார்களா? ஒருவர் தவறினார், மற்றவர்கள் மூலத்தைத் திறக்காமல் அவர் பட்டியலைப் பெயர்த்தெழுதினார்கள். பக்க எண்ணோடு போனால் பரவாயில்லை. கருத்தும் அப்படியே பெயர்ந்தால்? 1980இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அபின் வகை வலிநீக்கி தந்தபோது அடிமையானவர் அரிது என்றது. 2017இல் அதே இதழில் வந்த ஆய்வு, அந்தக் கடிதத்தைக் காட்டிய 608 மேற்கோள்களை ஆராய்ந்தது. 439 மேற்கோள்கள், இந்த மருந்தால் அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டின. 491 மேற்கோள்கள், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற செய்தியையே சொல்லவில்லை. வீட்டுக்கு வாங்கிப்போன மருந்தால் அந்நாட்டில் எத்தனை உயிர் போயிற்று என்பது உலகம் அறிந்த துயரம். மேற்கோள் என்பது படித்ததற்குக் கொடுக்கும் வாக்குமூலம். படிக்காமல் காட்டிய மேற்கோள், எந்த வடிவில் இருந்தாலும், பொய்ச்சாட்சி.

இங்கே ஒரு மறுப்பு வரும். மென்பொருள் இருக்கிறதே, ஸோட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் எல்லாம் ஒரு சொடுக்கில் பட்டியல் போட்டுத் தருகின்றனவே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? தாராளமாகப் பயன்படுத்துங்கள். கட்டுரை நடுவில் புதிதாக ஒரு மேற்கோள் சேர்த்தால், அதற்குப் பின்னுள்ள எண்கள் அத்தனையும் மாற வேண்டும். அதைக் கையால் செய்வது பிழைக்கு அழைப்பு. அந்த வேலைக்கு மென்பொருளே மேல். ஆனால் மென்பொருள் தனக்குக் கொடுத்ததைத்தான் அடுக்கும். தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் வந்திருந்தால் அப்படியே வைக்கும். அலுமினாவின் வேதி வாய்பாட்டில் கீழே இறங்கி நிற்க வேண்டிய எண்களை வரிக்கு ஏற்றிவிடும். எனவே அது தந்த ஒவ்வொரு குறிப்பையும் மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் பட்டியல் கேட்பவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்வேன். 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த ஆறு தீர்ப்புகளை உண்மையென்று காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5000 டாலர் அபராதம் விதித்தது. பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். தீர்ப்பு மட்டும் இருக்காது. நீங்கள் திறந்து பார்க்காத எதுவும் உங்கள் பட்டியலில் இடம்பெறக் கூடாது.

இரண்டாவது மறுப்பு: இன்று ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் இருக்கிறது. அதை மட்டும் போட்டால் போதாதா? அது அருமையான ஏற்பாடு. இருந்தால் கட்டாயம் சேருங்கள். ஆனால் தனியே அதை மட்டும் நம்பக் கூடாது. அந்த நீளமான எண்ணில் ஓர் எழுத்து தவறினால், சரிசெய்ய வேறு பிடிமானம் இல்லை. 60ஆம் தொகுதி உதாரணத்தில் ஆண்டு நமக்குக் கைகொடுத்ததே, அந்த உதவி இங்கே கிடைக்காது. மேலும், பழைய இதழ்கள் பலவற்றுக்கும், பட்டயப் படிப்பின் ஆய்வேடுகளுக்கும், அலுவலக அறிக்கைகளுக்கும் இந்த எண்ணே கிடையாது. விருத்தாசலத்துக் களிமண்ணைப் பற்றிய அறிவு பெரும்பாலும் அப்படிப்பட்ட காகிதங்களில்தான் இருக்கும்.

மூன்றாவது மறுப்பு நம்மைச் சேர்ந்தது; கனமானது. இந்த வடிவங்கள் எல்லாம் மேலைநாட்டுப் பெயர்களுக்காக அமைந்தவை. குடும்பப்பெயர் முன்னே, இனிஷியல் பின்னே என்று அவை கேட்கின்றன. குடும்பப்பெயரே இல்லாத தமிழர் என்ன செய்வது? இந்தக் குறை உண்மையானது. எஸ். ஆர். ரங்கநாதனைப் பாருங்கள். சோழநாட்டுச் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். இந்திய நூலகவியலின் தந்தை. எஸ் என்பது ஊர், ஆர் என்பது தந்தை, ரங்கநாதன் என்பது அவர். பட்டியலில் ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’ என்று அவர் பெயராலேயே நிற்கிறார். இன்னொருவர், இதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். வெங்கட்ராமன் என்பது அவர். ராமகிருஷ்ணன் என்பது தந்தை. பட்டியலில் ‘ராமகிருஷ்ணன், வி.’ என்று தந்தையின் பெயரால் நிற்கிறார். தந்தை சி. வி. ராமகிருஷ்ணனும் உயிர்வேதியியலில் ஆய்வு செய்தவர். தந்தையையும் மகனையும் பட்டியலில் பிரித்துக் காட்டுவது இனிஷியல் மட்டுமே. ஓர் எழுத்தை விட்டால் ஒருவர் உழைப்பு மற்றவர் கணக்கில் சேரும்.

அப்படியானால் வடிவத்தைத் தூக்கி எறியலாமா? கூடாது, அதில் நாம் தெளிவோடு நுழைய வேண்டும். பிறரைக் காட்டும்போது, அவர் தம் கட்டுரையில் எப்படிப் பெயர் அச்சிட்டாரோ அப்படியே காட்டுங்கள். எது அவர் பெயர், எது தந்தை பெயர் என்று நீங்கள் ஊகித்துத் திருத்தாதீர்கள். ‘முருகன் கே’ என்று இனிஷியலைப் பின்னே எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு; மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்து, முருகனை இனிஷியலாகவும் ‘கே’யைப் பெயராகவும் ஆக்கிவிடும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். உங்கள் பெயரை முதல் கட்டுரை எழுதும்போதே தீர்மானியுங்கள். தந்தை பெயரைக் கடைசியில் வைப்பதா, சொந்தப் பெயரை வைப்பதா என்பது உங்கள் உரிமை. ஆனால் ஒருமுறை வைத்ததை மாற்றாதீர்கள். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆய்வில் உங்கள் பெயர் நீங்கள் சம்பாதித்தது; அதை இடையில் விடாதீர்கள். 2012 முதல் ஆர்க்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எப்படிச் சிதைந்தாலும் அது உங்களை உங்கள் கட்டுரைகளோடு சேர்த்துக் கட்டும். இன்றே வாங்கிக்கொள்ளலாம்.

அச்சேறாத அறிவை என்ன செய்வது? இந்தச் சூளையில் இந்த மண் இத்தனை டிகிரியில் விரிசல் விடுகிறது என்று இங்கே முப்பது ஆண்டு வேலை செய்தவர் சொல்வார். அதைக் கேட்டு எழுதிவிட்டு, தாமே கண்டதுபோல் காட்டுவது களவு. அவரிடம் எழுத்தில் இசைவு பெற்று, அவர் பெயரையும் நாளையும் கட்டுரை வரிக்குள் அடைப்புக்குறியில் தருவதே முறை. அது பட்டியலில் வராது. ஆய்வேடு என்றால் எழுதியவர், தலைப்பு, பட்டம், நிறுவனம், ஆண்டு ஐந்தையும் தருக. ஏற்கப்பட்டு இன்னும் வெளிவராத கட்டுரை என்றால் அப்படியே சொல்லுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சான்றாகக் காட்டிவிடாமல், அனுப்பும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அன்பர்களே, ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்கிறது. சான்றுப் பட்டியலின் இலக்கணம் முழுதும் அதில் அடங்கும். நீங்கள் ஒரு குறிப்பைச் சரிபார்க்கச் செலவிடும் ஐந்து நிமிடம், முகம் தெரியாத ஒருவரின் ஒரு நாளைக் காக்கிறது. ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்த அந்த நிமிடமே அதன் செய்திகள் அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள். அனுப்பும் முன், மேற்கோள் காட்டிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் இருக்கிறதா என்று இருவராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, மாணவர் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடும்போது பட்டியலிலிருந்து மூன்று குறிப்புகளை நீங்களே தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் தாமாகவே திருந்துவார்கள். இந்த மண்ணைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதப்போவதை, நாளை ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ஒருவர் நம்பி எடுத்தாள வேண்டும். அவர் நம்புவதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு வரியாக, நேர்மையாக எழுதிக் கொடுப்பது நம் கடமை.